மேகத்துக்குள் யார் பொறுப்பு?

1929 செப்டம்பர் 24, காலை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் மிட்செல் ஃபீல்டு என்ற ராணுவ விமானத் திடல். இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம் ஒன்றில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னிருக்கையில் இருப்பவர் ஜிம்மி டூலிட்டில். அவர் தலைக்கு மேல் துணிக்கூண்டு ஒன்றை இழுத்து மூடியிருக்கிறார்கள். வானம், தரை, ஓடுகளம் எதுவும் அவருக்குத் தெரியாது. எதிரே இருக்கும் கருவிப் பலகை மட்டுமே தெரியும். முன்னிருக்கையில் பென் கெல்சி என்ற இளம் லெப்டினென்ட். ஏதாவது தப்பாகப் போனால் விமானத்தைக் கையில் எடுக்க வேண்டியவர் அவர்தான்.

விமானம் கிளம்பியது, சுற்றி வந்தது, பதினைந்து நிமிடத்தில் திரும்பி இறங்கியது. உள்ளே இருந்தவர் ஒருமுறைகூட வெளியே பார்க்கவில்லை. புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை முழுக்கக் கருவிகளை மட்டும் நம்பி நடந்த முதல் பறத்தல் என்று வரலாறு அதைப் பதிவு செய்திருக்கிறது. அன்று விடியற்காலையில் மூடுபனி இறங்கியிருந்தபோதே டூலிட்டில் தனியாக ஒருமுறை பறந்து வந்துவிட்டார். அதிகாரபூர்வப் பறத்தலுக்குள் பனி விலகத் தொடங்கியது. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்த நிதியத்தின் தலைவர் ஹாரி குகன்ஹைம், துணைக்கு ஒரு விமானி இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் கெல்சி முன்னிருக்கையில் ஏறினார்.

அந்தப் பதினைந்து நிமிடமும் கெல்சி தன் இரண்டு கைகளையும் கீழே நிற்பவர்களுக்குத் தெரியும்படி வெளியே வைத்திருந்தார். ஓட்டுவது நானில்லை என்று காட்டுவதற்காக. என்னை விடாமல் தொந்தரவு செய்யும் படம் இது. விமானத்தைத் தொடாத ஒருவர். அதே சமயம் அந்த விமானத்தில் வெளியே பார்க்க முடிந்த ஒரே ஆள். அப்படியென்றால் அந்த விமானம் யாருடைய பொறுப்பில் இருந்தது? கருவியைப் பார்த்துக் கொண்டிருந்தவரிடமா, கையைக் கட்டிக்கொள்ளாத குறையாக வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவரிடமா?

அன்றைக்கு அந்தக் கேள்வியை யாரும் சட்டக் கேள்வியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று அமெரிக்காவில் வார இறுதியில் வாடகை விமானம் எடுத்துப் பறக்கும் சாதாரண விமானிகூட அதற்குப் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பதிலின் தொடக்கம் ஒரு வரையறை. விமானத்தின் இயக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் இறுதி அதிகாரமும் பொறுப்பும் உடையவர், பறப்பதற்கு முன்போ பறக்கும்போதோ அப்பொறுப்புக்குக் குறிக்கப்பட்டவர், அந்த வகை விமானத்துக்கான தகுதி பெற்றவர்: இந்த மூன்றும் சேர்ந்தவரையே அமெரிக்க விமானச் சட்ட விதிகள் 'பைலட் இன் கமாண்ட்' என்கின்றன. இக்கட்டுரையில் அவரைப் பொறுப்பு விமானி என்று அழைக்கிறேன். வரையறையில் 'ஓட்டுபவர்' என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்றும் சொல்லவில்லை. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையிலிருந்து பிறந்த பன்னாட்டு விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன: சுக்கானைப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் விதிப்படி விமானம் இயங்குவதற்குப் பொறுப்பு விமானியே பொறுப்பு.

ஆக, பொறுப்பு என்பது கையில் இல்லை. நியமனத்தில் இருக்கிறது. அந்த நியமனத்தை ஏற்கத் தகுதி உள்ளவர் யார் என்பதுதான் மிச்சக் கேள்வி. வானம் தெளிந்திருக்கும் பகலில் இது எளிது. மேகம் வந்ததும் சிக்கலாகிறது.

அமெரிக்க விதிகளில் 61ஆம் பகுதியின் 3ஆம் பிரிவு இரண்டு வாசல்களை வைக்கிறது. ஒன்று, கருவிப் பறத்தல் விதிகளின்கீழ், அதாவது ஐ.எஃப்.ஆர். அனுமதி பெற்றுப் பறப்பது. மற்றொன்று, கண்பார்வைப் பறத்தலுக்கு வகுத்த குறைந்தபட்ச அளவைவிட வானிலை மோசமாக இருக்கும்போது பறப்பது. இரண்டில் எதற்குள் நுழைந்தாலும் பொறுப்பு விமானிக்குக் கருவித் தகுதி இருக்க வேண்டும். 'இரண்டில் எது' என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கலாம், ஐ.எஃப்.ஆர். அனுமதியை ஏற்றுக்கொண்ட கணத்தில் தகுதி கட்டாயமாகிவிடும். திருப்பிப் பார்த்தால், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வான்வெளியில் மேகத்துக்குள் போக அமெரிக்காவில் அனுமதிகூடத் தேவையில்லை. ஆனாலும் தகுதி தேவை. அனுமதியும் தகுதியும் வேறுவேறு பூட்டுகள்.

அந்தத் தகுதியைப் பெறக் குறைந்தது 40 மணி நேரம் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும். அதில் 15 மணி நேரம் பயிற்றுநருடன். ஊர்விட்டு ஊர் பொறுப்பு விமானியாகப் பறந்த 50 மணி நேரம் கணக்கில் இருக்க வேண்டும். 250 கடல்மைல் நீளப் பயணம் ஒன்றைக் கருவி விதிகளின்படி முடித்திருக்க வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, அதன் பிறகு தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பறத்தல் தேர்வு.

இவ்வளவு கடுமை எதற்கு என்பதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுழல் நாற்காலி ஒன்றில் உட்காருங்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வீட்டில் யாரையாவது ஒரே சீரான வேகத்தில் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். முதல் சில விநாடிகள் சுற்றுவது தெரியும். அரை நிமிடம் போனதும் நாற்காலி நின்றுவிட்டது போலிருக்கும். இப்போது உண்மையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்த்திசையில் சுற்றுவதாக உடம்பு சத்தியம் செய்யும். கண்ணைத் திறந்தால்தான் உண்மை தெரியும். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் திரவம் சுழற்சி தொடங்குவதையும் நிற்பதையும் மட்டுமே சொல்லும். சீராக நடந்துகொண்டிருக்கும் சுழற்சி அதற்குத் தெரியாது. நிலத்தில் வாழப் பிறந்த உயிருக்கு அது போதும். மேகத்துக்குள் அதே உறுப்பு பொய் சொல்கிறது. கூசாமல், நிச்சயத்தோடு சொல்கிறது.

1926இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் ஆக்கர் என்ற ராணுவ விமானி இதே போன்ற மருத்துவச் சோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். அனுபவத்தில் மூத்தவர், தேர்ந்தவர். சோதித்த மருத்துவர் டேவிட் மையர்ஸ், ஆக்கரின் உணர்வு அவரையே ஏமாற்றுவதைக் காட்டினார். ஆக்கர் திரும்பி வந்தபோது கையில் திருப்பம் காட்டும் கருவி ஒன்றைப் பொருத்திய சிறு பெட்டியை எடுத்துவந்து, அதைப் பார்த்தபடியே நாற்காலியின் சுழற்சியைச் சரியாகச் சொன்னார். நல்ல விமானி தன் உடம்பின் உணர்வைக்கொண்டே ஓட்டுவார் என்று அந்தக் காலம் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை அந்த நாற்காலி உடைத்தது.

கால் நூற்றாண்டு கழித்து இல்லினாய் பல்கலைக்கழகம் இதை அளந்தே பார்த்தது. 1954இல் வெளியான அந்த ஆய்வில் கருவிப் பறத்தல் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிப்பார்வையை மறைத்து, பயிற்றுநர் துணையோடு ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. பத்தொன்பது பேர், சாய்ந்தபடி கீழ்நோக்கிச் சுழன்று இறுகும் சுருளில் விழுந்தார்கள். மீதி ஒருவர் மூக்கை அளவுமீறி உயர்த்தி வேகத்தை இழந்தார். பார்வை மறைந்ததிலிருந்து அந்தக் கட்டம் வரை சராசரி 178 விநாடி. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதன் பின்னால் சில மணி நேரப் பயிற்சி தந்ததும், மேகத்தைவிட்டுத் திரும்பி வெளியே வர அநேகமாக எல்லோராலும் முடிந்தது என்பதே ஆய்வு தந்த நல்ல செய்தி. உலகெங்கும் விமானப் பள்ளிகளில் நினைவில் நின்றதோ 178 என்ற எண் மட்டும்தான்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு விமானத்துக்குள் ஏறிப் பார்ப்போம். இடது இருக்கையில் ஒருவர், வலது இருக்கையில் அவருடைய நண்பர். இடது இருக்கைக்காரருக்குக் கருவித் தகுதி உண்டு. ஆனால் அண்மைப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பழக்கத்தைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். வெளியே தெரியாதபடி நெற்றிக்கு மேல் ஒரு மறைப்பு மாட்டிக்கொள்கிறார். ஹூட் என்பார்கள், குதிரைக்குக் கட்டும் கண்மறைப்பைப் பெரிதாக்கியது போல இருக்கும். வலது இருக்கைக்காரர் மற்ற விமானங்கள் வருகின்றனவா என்று வெளியே பார்க்க வேண்டும். இவரைச் சேஃப்டி பைலட் என்கிறார்கள், அதாவது காப்பு விமானி. கெல்சியின் வாரிசு. இவருக்குக் குறைந்தது தனியார் விமானி உரிமமும், அந்த வகை விமானத்துக்கான தகுதியும் இருக்க வேண்டும். விமானத்தில் இரட்டைக் கட்டுப்பாடு வேலை செய்ய வேண்டும். இவருக்குக் கருவித் தகுதி இருந்தாக வேண்டும் என்று விதி கேட்கவில்லை.

வானம் தெளிவு, ஐ.எஃப்.ஆர். அனுமதியும் எடுக்கவில்லை. அப்படியானால் இருவரில் யார் வேண்டுமானாலும் பொறுப்பு விமானி ஆகலாம். தரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதே வானம், அதே இருவர். இடது இருக்கைக்காரர் 'பயிற்சி நிஜமாக இருக்கட்டும்' என்று கட்டுப்பாட்டு நிலையத்திடம் ஐ.எஃப்.ஆர். அனுமதி கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஒரு மேகத்துண்டுகூட இல்லை. ஆனாலும் இந்த நொடியில் பொறுப்பு விமானிக்குக் கருவித் தகுதியும் அண்மைப் பழக்கமும் இருந்தாக வேண்டும். இடது இருக்கைக்காரரின் பழக்கம் காலாவதியாகிவிட்டது. வலது இருக்கைக்காரருக்குத் தகுதியே இல்லை. இரண்டு விமானிகள் உட்கார்ந்திருக்கும் அந்த விமானத்தில் சட்டப்படி பொறுப்பேற்கக் கூடியவர் ஒருவர்கூட இல்லை. வெயிலில் மின்னிக்கொண்டு போகும் அந்தப் பறத்தல் சட்டவிரோதம். விதியைப் படித்தவர்களே தவறும் இடம் இது. பயிற்சிக்குத்தானே எடுத்தோம் என்று எண்ணி, அனுமதி என்பது பொறுப்பையும் சேர்த்தே தருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி மூன்றாவது நிலை. இடது இருக்கையில் கருவித் தகுதிக்காகப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர். தனியார் உரிமம் ஏற்கெனவே பெற்றவர். வலது இருக்கையில் அண்மைப் பழக்கமுள்ள கருவிப் பயிற்றுநர். நிஜ மேகம். மாணவர்தான் ஓட்டுகிறார். பொறுப்பு விமானி யார்? பயிற்றுநர். அவர் மட்டுமே இருக்க முடியும். இதில் யாருக்கும் ஐயம் வராது. ஆனால் தரைக்கு வந்ததும் மாணவர் தன் பதிவேட்டைத் திறந்து அந்த நேரத்தைப் 'பொறுப்பு விமானி' என்ற கட்டத்தில் எழுதுகிறார். அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது. தன்னிடம் தகுதியுள்ள வகை விமானத்தின் கட்டுப்பாடுகளைத் தனியாகக் கையாண்ட நேரத்தை ஒருவர் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். இங்கே 'தகுதி' என்பது விமான வகையைக் குறிக்கிறது. கருவித் தகுதியை அல்ல. பயிற்றுநரும் தன் பதிவேட்டில் அதே கட்டத்தில் அதே நேரத்தை எழுதுகிறார். ஒரே விமானம், ஒரே மணி நேரம், ஏட்டில் இரண்டு பொறுப்பு விமானிகள். முதல் நிலையிலும் இது நடக்கும்: காப்பு விமானி பொறுப்பை ஏற்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், நண்பர் ஹூட் மாட்டியிருந்த நேரம் முழுவதையும் இருவருமே அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். ஏற்காவிட்டால் அவர் துணை விமானியாகத்தான் எழுதலாம்.

பொறுப்பில் இருப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் அமெரிக்கச் சட்டத்தில் வேறுவேறு. எழுதுவது, இந்த மனிதர் எவ்வளவு பழகியிருக்கிறார் என்ற கணக்கு. இருப்பது, கெட்டது நடந்தால் யார் நிற்பது என்ற கேள்வி. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்ததை நான் அந்த விதித்தொகுப்பின் பெரிய குறையாகவே கருதுகிறேன். ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமக்கும்போது, இளம் விமானி தனக்குச் சாதகமான பொருளையே பிடித்துக்கொள்வான். ஏட்டில் ஐந்நூறு மணி நேரம் 'பொறுப்பு விமானி' என்று எழுதியிருப்பவன், அதில் எத்தனை மணி நேரம் உண்மையிலேயே முடிவெடுக்கும் தனிமையில் இருந்தான் என்று ஏடு சொல்வதில்லை.

அந்தத் தனிமையில் ஓர் இரவு எப்படி முடிந்தது என்று பார்க்கலாம். 1959 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி, அயோவா மாநிலம். இசை நிகழ்ச்சியை முடித்த பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் மூவரும் அடுத்த ஊருக்குப் போக ஒற்றை எஞ்சின் பொனான்ஸா விமானத்தை அமர்த்தியிருந்தார்கள். விமானிக்கு வயது 21. ஏறத்தாழ 711 மணி நேரம் பறந்தவர், வேலையில் ஆர்வம் உள்ளவர். கருவிப் பறத்தலுக்குப் பயிற்சி எடுத்திருந்தார். எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தார். பறத்தல் தேர்வில் மட்டும் தேறவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்கும் கண்பார்வைப் பறத்தலுக்கு மட்டுமே அனுமதி.

கிளம்பும்போது விமான நிலையத்தில் பார்வைத் தூரம் விதிப்படி போதுமானதாகத்தான் இருந்தது. லேசாகப் பனி பெய்துகொண்டிருந்தது. வழியில் வானிலை மோசமாகும் என்ற எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஊர் விளக்குகளைத் தாண்டியதும் வயல்வெளி. நட்சத்திரம் இல்லை, அடிவானம் இல்லை. கருவிப் பலகையில் இருந்த ஸ்பெர்ரி கருவி, விமானத்தின் மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும், அவர் பழகிய கருவி காட்டும் விதத்துக்கு நேர்மாறாகக் காட்டும் வகை. ஏறுகிறோம் என்று அவர் படித்தது இறக்கமாக இருந்திருக்கலாம். சில நிமிடங்களில் விமானம் வயலில் மோதியது. நால்வரும் இறந்தார்கள். விடிந்த பின்தான் சிதறிய பாகங்களைக் கண்டுபிடித்தார்கள்.

விசாரித்த வாரியம், கருவிகளை மட்டும் நம்ப வேண்டிவரும் பறத்தலை, அதற்குத் தகுதியோ சான்றோ இல்லாதவர் மேற்கொண்டதே காரணம் என்று முடிவு சொன்னது. வானிலைத் தகவலின் குறையையும், பழக்கமில்லாத அந்தக் கருவியையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. 'இசை செத்த நாள்' என்று பிற்பாடு பாட்டில் ஏறிய அந்த நாளை, ரசிகர்கள் பாடகர்களுக்காக நினைக்கிறார்கள். நான் அந்த 21 வயதுக்காரரை நினைப்பேன். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் சட்டப்படி அவரிடம்தான் இருந்தது. பிரபலமான மூன்று பேர் குளிரில் ஏறி உட்கார்ந்த பிறகு அதைச் சொல்லும் வலிமை அந்த வயதில் யாருக்கு இருக்கும்?

அயோவாவில் விதி மீறப்பட்டது என்று சொல்லலாம். நாற்பது ஆண்டு கழித்து 1999 ஜூலை 16 இரவு நடந்ததில் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குத் தன் பைப்பர் சரட்டோகா விமானத்தை ஓட்டிச் சென்றார். கிட்டத்தட்ட 310 மணி நேர அனுபவம். கருவித் தகுதிக்கான படிப்பில் பாதி முடித்திருந்தார். அன்று மாலை ஒரு பயிற்றுநர் உடன் வருவதாகச் சொன்னதையும், தனியாகவே போக விரும்புவதாக அவர் மறுத்ததையும் விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

வானிலை அறிக்கைகள் கண்பார்வைப் பறத்தலுக்குப் போதுமான தூரத்தைக் காட்டின. அமெரிக்காவில் இரவில் கண்பார்வைப் பறத்தலுக்குக் கருவித் தகுதி கேட்பதில்லை. கரையைவிட்டுக் கடலுக்கு மேல் வந்ததும் கோடைக்காலப் புகைமூட்டமும் இருளும் சேர்ந்து அடிவானத்தை அழித்துவிட்டன. அதே இரவில் அதே பகுதியில் பறந்த வேறு விமானிகளும் கடலும் வானமும் ஒன்றாய்ப் போனதாகப் பின்னர் சொன்னார்கள். தீவை நெருங்கும்போது விமானம் வலப்பக்கம் சாய்ந்து, நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்தது. திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. மேகம் இல்லை. விதிமீறல் இல்லை. 178 விநாடி ஆய்வின் எச்சரிக்கை மட்டும் அப்படியே பொருந்தியது.

சட்டம் பார்வையை மைல் கணக்கில் அளக்கிறது. காதுக்குள் இருக்கும் குழாய்க்கு மைல் தெரியாது, அடிவானம்தான் வேண்டும். பல நாடுகள் இந்த இடைவெளியை இரவுப் பறத்தலுக்குத் தனித்தகுதி கேட்டு அடைத்திருக்கின்றன. இந்தியாவில் சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும் வரை கண்பார்வைப் பறத்தலுக்குப் பொதுவாகவே இடமில்லை. உள்ளூர்ப் பறத்தலுக்கும் பயிற்சிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் தரும் விலக்குதான் உண்டு. சுதந்திரம் குறைவு என்று அமெரிக்க விமானிகள் இதைக் குறை சொல்லக்கூடும். நான் இந்திய விதியின் பக்கம்தான்.

தகுதி மட்டும் இருந்தால் போதுமா? 2020 ஜனவரி 26 காலை, லாஸ் ஏஞ்சலஸ் அருகே காலபாசஸ் குன்றில் மோதிய ஹெலிகாப்டரில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் அவருடைய 13 வயது மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த விமானிக்குக் கருவித் தகுதி இருந்தது. அதைக் கற்பிக்கும் பயிற்றுநர் சான்றும் இருந்தது. 8,500 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். ஆனால் அவரை அனுப்பிய நிறுவனத்தின் அனுமதி கண்பார்வைப் பறத்தலுக்கு மட்டும். கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பறத்தலில் விமானியின் தகுதியோடு நிறுவனத்தின் அனுமதியும் சேர்ந்துதான் கணக்கு. தன் பெயரில் இருக்கும் தகுதியை அன்று அந்த வேலையில் அவர் சட்டப்படி பயன்படுத்த முடியாது. பயன்படுத்தாத தகுதி எப்படித் துருப்பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூடுபனி மேகத்துக்குள் ஏறியபோது, 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொன்னார். அதே நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்பு அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

நம் மலைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பதினான்கு உயிர்கள் போயின. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததும், அதனால் விமானிக்கு இட உணர்வு குழம்பியதுமே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. ராணுவப் பறத்தலுக்கு நான் மேலே சொன்ன குடிமை விதிகள் பொருந்தாது. ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். நீலகிரியில் பேருந்து ஜன்னலுக்கு வெளியே மேகம் சாலையை விழுங்குவதைப் பார்த்த எவருக்கும், அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்று தெரியும். ஓட்டுநர் பேருந்தை ஓரங்கட்டி நிறுத்தலாம். ஹெலிகாப்டருக்கு மலைச்சரிவில் ஓரம் கிடையாது.

அதனால்தான் விதித்தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, தகுதியைத் தரும் பிரிவல்ல. அது மங்கும் காலத்தைச் சொல்லும் பிரிவு. அமெரிக்காவில் கருவித் தகுதிக்குக் காலாவதி கிடையாது. அட்டையில் அச்சடித்த சொல் சாகும் வரை இருக்கும். ஆனால் பொறுப்பு விமானியாக மேகத்துக்குள் போக, பறக்கும் மாதத்துக்கு முந்தைய ஆறு நாட்காட்டி மாதங்களுக்குள் ஆறு அப்ரோச், அதாவது கருவிகளைப் பார்த்து ஓடுதளத்தை நோக்கி இறங்கும் முழு நடைமுறைகள், வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும் நடைமுறை, மின்னணு வழிகாட்டிகளைப் பிடித்துத் தொடர்வது ஆகியவற்றைச் செய்து பதிந்திருக்க வேண்டும். நிஜ மேகத்திலும் செய்யலாம், ஹூட் மாட்டியும் செய்யலாம், அங்கீகரித்த சிமுலேட்டரிலும் செய்யலாம்.

ஒரு பதிவேட்டின் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் ஒரே சனிக்கிழமை, ஆறு அப்ரோச், பென்சிலில் எழுதி, பக்கத்திலேயே ஓடுதளத்தின் எண். அதன்பின் வேலை, குழந்தைகள், மழை. அடுத்த பதிவு இல்லை. செப்டம்பர் 30 இரவு வரை அவர் மேகத்துக்குள் பொறுப்பேற்கலாம். அக்டோபர் 1 விடிந்ததும் முடியாது. அட்டை சட்டைப்பையில் இருக்கிறது, விமானம் அதே இடத்தில் நிற்கிறது, அவரும் நேற்றிருந்தவர்தான். அடுத்த மார்ச் முடிவதற்குள் ஹூட் மாட்டிக்கொண்டு, வலது இருக்கையில் ஒரு நண்பரை வைத்து, தெளிந்த வானத்தில் ஆறு அப்ரோச்சையும் மற்றவற்றையும் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். ஏப்ரல் 1க்குள் அதுவும் நடக்காவிட்டால் நண்பர் போதாது. பயிற்றுநரோ தேர்வாளரோ பக்கத்தில் உட்கார்ந்து திறமையைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

அந்தக் கையெழுத்து கிடைத்தாலும் கிளம்பும் முன் இன்னொன்று மிச்சமிருக்கிறது. எஞ்சினை முடுக்குவதற்கு முன், இரண்டு விமானிகள் ஏறியிருந்தால், ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இன்று பொறுப்பு என்னுடையது. மற்றவர் சரி என்று பதில் சொல்ல வேண்டும். விதி இதைச் சொற்களாக வற்புறுத்தவில்லை, குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. ஆனால் சொல்லாமலே புரியும் என்று விட்டுவிட்டால், மேகத்தின் உள்ளே அந்த மூன்று நிமிடம் தொடங்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். கருவிப் பலகையைப் பார்க்க ஆள் இருக்காது.